தயார், ஆயத்தம், பதம்: துண்டறிக்கை ஒன்றுக்குச் சொல் தேடுகிறேன்

பிழைதிருத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அச்சகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்துவருகிறேன். நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களில் கொடுப்பதற்காகச் சென்ற வாரம் ஒரு துண்டறிக்கை வந்தது. தலைப்பு 'பேரிடர் தயார்நிலை'. முதல் வரி, 'பொதுமக்கள் எப்போதும் தயார் நிலையில் இருக்க வேண்டும்'. எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழைகூட இல்லை. ஆனாலும் அந்த வரியின் மேல் வைத்த பென்சிலை எடுக்க மனம் வரவில்லை.

புயல் வருகிறது என்று வானொலி சொன்ன மாலையில் ஒரு பெண் இந்தத் தாளை எடுத்துப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயார் நிலையில் இரு என்றால் அவள் எழுந்துபோய் எதைச் செய்வாள்?

கொடுத்தவர்களிடம் பேசினேன். நல்ல மனிதர்கள். "வேறு சொல் கிடைத்தால் போடுங்கள், திங்கள்கிழமை வரை பொறுக்கிறோம்" என்றார்கள். தெரிந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தயார் எல்லோருக்கும் புரிகிறது, எதற்கும் பொருந்துகிறது. அதனாலேயே குறிப்பாக எதையும் சுட்டுவதில்லை. ஆயத்தம் கொஞ்சம் கம்பீரமானது. போருக்கும் தேர்தலுக்கும் செய்தித்தாள்கள் எடுத்துவைத்திருக்கும் சொல். முஸ்தீபு என்றால் ஒரு பரபரப்பும் எதிராளி ஏதோ செய்யப்போகிறான் என்ற சந்தேகமும் சேர்ந்து வருகின்றன. மகள் கல்யாணத்துக்கு முஸ்தீபு என்று யாரும் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். ஏற்பாடு என்றதும் பந்தலும் சமையலும் கண்முன் நிற்கின்றன. உஷார் என்பது கண் விழித்திருப்பது மட்டும். கை வேலை செய்வது அதில் இல்லை.

உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் இதற்கு என்ன சொல்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.

---

தனித்தமிழ்நாடன் எழுதியது:

நீங்கள் அடுக்கியவற்றில் ஏற்பாடு தவிர மற்றவை இரவல். தயார் பாரசீக, உருது வழியாக வந்தது. முஸ்தீபு அரபு. உஷார் பாரசீகம். ஆயத்தம் வடமொழி. நம்மிடம் அணியம் என்ற அழகான சொல் இருக்கும்போது ஏன் கடன் வாங்க வேண்டும்? அணியமாதல், அணியப்படுத்துதல், அணியநிலை. 'பேரிடர் அணியநிலை' என்று போடுங்கள். முதலில் புதிதாகத் தோன்றும். பழகினால் வேர்விடும். 'பேருந்து' என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதிதாகத்தான் இருந்தது.

---

பழைய வாத்தியார் எழுதியது:

நல்ல இழை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

தயார் என்பதன் பழைய வேர் அரபு மொழியில் 'பறத்தல்' என்பதோடு சேர்ந்தது. இன்றும் அரபு மொழியில் விமானியை 'தய்யார்' என்றே அழைக்கிறார்கள். வேட்டைக்குப் பழக்கும் பருந்துக்குப் பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு முளைத்து, பறக்கவிடலாம் என்ற நிலை வந்ததும் அதைத் 'தய்யார்' என்றார்கள், அங்கிருந்துதான் இன்றைய பொருள் பிறந்தது என்று அகராதிக்காரர்கள் விளக்குவார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மலரும்.

இரவல் என்று தனித்தமிழ்நாடன் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் இங்கே வந்து என்ன செய்தது என்பதையும் பாருங்கள். தயார் என்ற பெயரின் வாலில் ஓர் இகரத்தை ஒட்டித் 'தயாரி' என்று வினையாக்கிவிட்டோம். தயாரித்தான், தயாரிக்கிறாள், தயாரிப்பு, தயாரிப்பாளர். 'வசூல்' வந்து 'வசூலித்தான்' ஆனதும் இதே வழியில்தான். வேற்றுமொழிச் சொல் நம் வினைமுற்று விகுதியை ஏற்றுக்கொண்ட பிறகு அதை விருந்தாளி என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. இதில் இன்னொன்றும் நடந்தது. தயார் என்றால் ஆகி நிற்கும் நிலை. தயாரிப்பு என்றால் உண்டாக்கும் வேலை. சினிமாத் தயாரிப்பாளர் என்பவர் படத்துக்குப் பணம் போட்டு அதை உண்டாக்குகிறவர். வேரிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!

ஆயத்தத்துக்கும் 'எத்தனம்' என்ற சொல்லுக்கும் வடமொழியில் ஒரே வேர், 'யத்'. முயல்வது என்று பொருள். ஓர் ஆள் ஏதோ செய்ய 'எத்தனிக்கிறான்' என்கிறோமே, அதன் உடன்பிறப்புத்தான் ஆயத்தம். ஆகவே ஆயத்தம் என்ற சொல்லுக்குள் உழைப்பு இருக்கிறது. சும்மா இருப்பவன் ஆயத்தமாக இருக்க முடியாது.

அடுத்தது 'சித்தம்'. இதில் இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் ஒளிந்திருக்கின்றன. 'உங்கள் சித்தம்' என்பது மனம். 'வரச் சித்தமாயிருக்கிறேன்' என்பது நிறைவேறிய நிலை. சித்தி, சித்தர் என்ற சொற்களின் கூட்டம். பழைய கடிதங்களில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும்.

நம் முன்னோர் போருக்குக் கிளம்பும்போது பூச் சூடினார்கள். ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, படையெடுக்க வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, காக்க நொச்சி, நேருக்கு நேர் பொருதத் தும்பை. ஒருவன் தலையைப் பார்த்தே அவன் எதற்குக் கிளம்பியிருக்கிறான் என்று ஊர் அறிந்தது. வெறுமனே 'தயார்' என்று எவனும் நிற்கவில்லை. எதற்கு என்பது பூவிலேயே இருந்தது. உங்கள் துண்டறிக்கையில் இல்லாதது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

---

ஓசூர்வாசி எழுதியது:

எங்கள் ஊர்ச் சந்தையில் நின்றால் மூன்று மொழியும் காதில் விழும். கன்னடக்காரர் 'சித்த' என்பார், 'தயாரு' என்பார், 'அணி' என்றும் சொல்வார். தெலுங்கில் 'சித்தம்' அன்றாடச் சொல். வாத்தியார் ஐயா பழைய கடிதத்தில் பார்த்ததை அங்கே பஸ் நிலையத்தில் கேட்கலாம்.

மலையாளத்தில் 'ஒருக்கம்' என்கிறார்கள். ஓணத்துக்கு ஒருக்கம், கல்யாணத்துக்கு ஒருக்கம். நம் 'ஒருங்கு', 'ஒருங்கே' என்பவற்றின் உறவு. சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் கூட்டுவது. எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்த சொல் இது. வீட்டில் ஊருக்குக் கிளம்பும் காலையில் நடப்பது அதுதானே? சாவி ஓர் இடத்தில், டிக்கெட் ஓர் இடத்தில், குழந்தையின் செருப்பு கட்டிலுக்கு அடியில். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் கிளம்ப முடியும்.

---

கரைவலை எழுதியது:

நான் மீனவக் குடும்பம். இந்தத் துண்டறிக்கை வரப்போவதே எங்கள் ஊர்களுக்குத்தான் என்பதால் எழுதுகிறேன்.

அணியம் என்று போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு அணியம் என்றால் படகின் முன்பக்கம். அப்பா கடலுக்குப் போகும்போது "அணியத்தில் நில்" என்றால் முன்னால் போய் நின்று பார்த்துச் சொல் என்று அர்த்தம். 'பேரிடர் அணியநிலை' என்று தாள் வந்தால் படகின் முன்பக்கத்துக்குப் பேரிடர் என்று எங்கள் ஆட்கள் வாசிப்பார்கள். தனித்தமிழ்நாடன் அண்ணன் வருத்தப்படக் கூடாது. சொல் நல்ல சொல்தான். ஆனால் கடற்கரையில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

---

தனித்தமிழ்நாடன் எழுதியது:

வருத்தம் எதற்குத் தம்பி. அணியம் என்ற சொல் இன்னும் உயிரோடு ஒருவர் வாயில் புழங்குகிறது என்று கேட்டதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அகராதியில் இரண்டு பொருளையும் அருகருகே பார்த்திருக்கிறேன், ஆனால் கடலோரத்தில் ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. இந்தத் தாளுக்கு மட்டும் என் வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறேன். மற்ற இடங்களில் தொடர்ந்து எழுதுவேன்.

---

புதியவன் எழுதியது:

ஒரு சந்தேகம். அரசு அலுவலகப் பலகையில் 'ஆயத்தீர்வை' என்று பார்க்கிறேனே, அதுவும் இந்த ஆயத்தம்தானா? ஆயத்தமாகக் கட்டும் வரி என்று நினைத்திருந்தேன்.

---

பழைய வாத்தியார் எழுதியது:

இல்லை. அது ஆயம் + தீர்வை. ஆயம் என்றால் வருவாய், சுங்கம். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்பதில் வருவது அது. ஆனால் கடையில் விற்கும் 'ஆயத்த ஆடை' நம் ஆயத்தம்தான். கேட்டது நல்லது.

---

அடுப்படி எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் பதம், பக்குவம் என்ற இரண்டையும் யாரும் தொடவில்லையே! நான் தீபாவளிக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறவள். என் தொழிலில் தயார் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. அது டப்பாவில் அடுக்கி மூடிய பிறகு வாடிக்கையாளரிடம் போனில் சொல்வதற்கு மட்டும். அடுப்பின் முன்னால் நிற்கும்போது பதம்தான்.

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுகிறோம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு விட வேண்டும். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும், தக்காளியை அமுக்கினது போல. அதுதான் தக்காளிப் பதம். அதே பாகை இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, தண்ணீரில் போட்டதும் கெட்டியாகி, கிண்ணத்தின் மேல் தட்டினால் 'டண்' என்று சத்தம் வந்தால் கடலை மிட்டாய்க்குச் சரி, அதிரசத்துக்குப் போயிற்று. மைசூர்பாகுக்கு இரண்டு விரலுக்கு நடுவே ஒற்றைக் கம்பி இழுபட வேண்டும்.

நான் செய்வது தீ எரிப்பதும் கிளறுவதும்தான். பதம் தானாக வருகிறது. நான் அதை வரவழைக்க முடியாது, வரும்போது அங்கே நிற்க முடியும். வந்த பதம் ஒரு நிமிடம்கூட நிற்காது, தாண்டிவிடும். போன ஆண்டு பாகு காயும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்த் திரும்பினேன். மூன்று கிலோ வெல்லம். பிள்ளைகள் ஒரு மாதம் உடைத்துத் தின்றார்கள்.

---

ஆம்பூர்த் தோல் எழுதியது:

அம்மா சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் ஊரில் 'தோல் பதனிடுதல்' என்கிறோமே, அதிலும் இதே பதம்தான் இருக்கிறது. பச்சைத் தோல் அழுகும். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு எடுத்தால் கெடாமல் நிற்கும். தாத்தா காலத்து முறை. அவர் தோலை மடித்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "இன்னும் குடிக்கவில்லை" என்பார். பட்டைச் சாறு உள்ளே இறங்கவில்லை என்று பொருள். கத்தி விரலைப் 'பதம் பார்த்துவிட்டது' என்கிறோம், அதுவும் இதே பதம்தான் போலிருக்கிறது.

---

வண்டல் எழுதியது:

திருவாரூர்ப் பக்கம். அறுப்பு முடிந்த களைப்போடு எழுதுகிறேன்.

விவசாயத்தில் இரண்டும் வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்ட பிறகு விதைநெல் தேடுகிறவன் ஏமாந்தான். வரப்பு வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, விதை வாங்கி வைப்பது எல்லாம் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். இது ஆயத்தம். யார் வேண்டுமானாலும் செய்யலாம், சோம்பல் இல்லாவிட்டால் போதும்.

ஆனால் நாற்றைப் பறிக்கும் நாளை நான் முடிவு செய்ய முடியாது. மூன்று மாதப் பயிருக்கு மூன்று வாரம், நான்கு மாதப் பயிருக்கு நான்கு வாரம் என்று ஒரு கணக்கு. அது பருவம். புன்செய் நிலத்தில் மழைக்குப் பிறகு ஏர் பூட்டலாமா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிக் கீழே போடுவோம். உருண்டையாகவே கிடந்தால் சேறு, காத்திரு. விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் பதம். உருட்டவே வரவில்லை என்றால் பதம் போய்விட்டது. காலையில் சேறு, மாலையில் பதம், மறுநாள் மதியம் கட்டி.

நெல் காய்ந்துவிட்டதா என்று பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். சுள்ளென்று ஒடிய வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இதையே ஒரு கருவி பார்த்துச் சொல்கிறது. ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, மழை கெடுத்த சில ஆண்டுகளில் தளர்த்துவார்கள். அந்த அளவுக்குப் பெயர் 'ஈரப்பதம்'. அடுப்படி அம்மாவின் பதம் அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இந்த ஆண்டு என் நெல் பல்லுக்குச் சரி, கருவிக்குச் சரியில்லை. மூன்று நாள் சாலையோரத்தில் கொட்டிக் காயவைத்தேன். இரவு முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டு தார்ப்பாயின் மேலேயே படுத்திருந்தேன்.

---

பிழைதிருத்தி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அடுப்படியும் வண்டலும் எழுதியதை மூன்று முறை படித்தேன்.

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. நாம் செய்து முடிக்கும் தயார் ஒன்று, தானாக வந்து சேரும் தயார் ஒன்று. முதலாவதுக்கு ஆயத்தம், ஏற்பாடு, ஒருக்கம். இரண்டாவதுக்குப் பதம், பருவம், பக்குவம். 'தயார் நிலை' என்ற அலுவலகச் சொல் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. துண்டறிக்கையில் இரண்டும் வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் கையால் செய்து முடிக்க வேண்டியவை தனி. புயல் எவ்வளவு அருகில் வந்தது என்று பார்த்து, அந்தப் பதம் வந்ததும் எழுந்து போக வேண்டியது தனி. இரண்டையும் பிரித்து எழுதப்போகிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். பாகின் பதத்தைச் சொட்டு விட்டுப் பார்க்கலாம். மண்ணை உருட்டிப் பார்க்கலாம். வீட்டை விட்டுக் கிளம்பும் பதத்தை எதை வைத்துப் பார்ப்பது?

---

ஒன்றாம் வகுப்பு எழுதியது:

ஆசிரியை. பதம் பார்க்கும் முறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வந்தேன்.

பிறந்த தேதிச் சான்று இல்லாத காலத்தில் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கலாமா என்று எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, பள்ளிக்கு ஆயத்தம். என் அம்மா இதில் இரண்டு ஆண்டு தவறினார். கை குட்டை. அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பில் படித்தார்கள். படிக்கும் ஆசையை அந்தக் கை அளக்கவில்லை. அந்த வருத்தம் அவருக்கு எழுபது வயதிலும் இருக்கிறது. ஆகையால் ஒரே ஓர் அடையாளத்தைச் சொல்லி இதைப் பார்த்த பிறகு கிளம்பு என்று எழுதாதீர்கள். முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, நடக்க இயலாதவர் ஆகியோருக்குப் பதம் முன்னதாகவே வர வேண்டும்.

---

வலிகாமத்தாள் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன். எங்கள் பேச்சில் தயார் குறைவு, ஆயத்தம்தான் அன்றாடம். சோதனைக்கு ஆயத்தம், சமையலுக்கு ஆயத்தம். தமிழ்நாட்டு நண்பர்கள் அதைக் கம்பீரமான சொல் என்று சொல்லும்போது வியப்பாக இருக்கிறது, எங்களுக்கு அது உப்பும் புளியும் போல.

இன்னொரு சொல் உண்டு, 'வெளிக்கிடுதல்'. உடுத்தி, தலை வாரி, வெளியே போவதற்கு ஆயத்தமாவதும் வெளிக்கிடுதல்தான். வாசலைத் தாண்டிப் புறப்படுவதும் வெளிக்கிடுதல்தான். கோயிலுக்கு வெளிக்கிட்டாயா என்று கேட்டால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஆயத்தமும் புறப்பாடும் நடுவில் கோடு இல்லாமல் ஒரே சொல்லாக இருக்கின்றன.

1995 அக்டோபர் 30 அன்று, போர் நெருங்கி வந்ததால், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் எல்லோரும் வெளிக்கிட்டோம். எனக்குப் பதினொரு வயது. அம்மம்மா வீட்டுக் கதவின் பின்னால் ஓர் ஆணியில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் காணி உறுதி (நிலப் பத்திரம்), எல்லோருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை வைக்கும் பொலித்தீன் உறை, ஒரு சிறிய மஞ்சள் துணியில் முடிந்த தாலிக்கொடி. மாதத்தில் ஒரு நாள் அம்மம்மா அதை இறக்கி, எண்ணிப் பார்த்துத் திரும்ப மாட்டுவார். நாங்கள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அன்று மாலை போக வேண்டும் என்ற செய்தி வந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் அலமாரிகளைத் திறந்து தேடினார்கள். அம்மம்மா எழுந்து போய் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார். நாவற்குழிப் பாலத்தில் நின்று நின்று நகர்ந்த கூட்டத்தில் ஓர் இரவு முழுவதும் அந்தக் கையை நான் விடவில்லை. அந்த உறுதி இருந்ததால்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் காணியை எங்களுடையது என்று காட்ட முடிந்தது.

அந்தப் பையைப் பற்றி எழுதுங்கள், ஐயா. ஆயத்தம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஆணிதான் நினைவுக்கு வருகிறது.

---

பழைய வாத்தியார் எழுதியது:

படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை, அம்மா. நன்றி.

---

கரைவலை எழுதியது:

பிழைதிருத்தி ஐயா, கிளம்பும் பதத்தை எதை வைத்துப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகக் கறுப்புக் கூண்டுகள், இரவில் வெள்ளையும் சிவப்புமாக விளக்குகள். ஒன்று முதல் பதினொன்று வரை எண் உண்டு. தொலைக்காட்சியில் 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று சொல்கிறார்கள், என்ன பொருள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. துண்டறிக்கையில் அதைப் போட்டாலே பாதி வேலை முடியும்.

ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்று. ஐந்து, ஆறு, ஏழு என்றால் புயலால் அபாயம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் கடும் புயலால் பெரும் அபாயம். துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகுமா, வலப்பக்கம் விட்டுப் போகுமா, நேராக மேலேயே வருமா என்பதைப் பொறுத்து எண் மாறும். பத்து என்றால் நேராக அல்லது மிக அருகில். பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். சிறுவயதில் எனக்குப் பத்தைவிடப் பதினொன்றுதான் பயம். பத்தில் யாரோ நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா எங்கள் பக்கம் கரையேறியது. முந்தின நாள் ஒலிபெருக்கியில் தயார் நிலையில் இருங்கள் என்று பலமுறை சொன்னார்கள். சொன்னவர் மேல் குறை இல்லை, மழையில் நனைந்துகொண்டே சொன்னார். எங்கள் தெருவில் அன்று நடந்தது இதுதான்: அப்பா எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தார். வலையைச் சுருட்டிப் பரணில் ஏற்றினோம். படகைப் பத்துப் பேர் சேர்ந்து மேட்டுக்கு இழுத்துப் புளியமரத்தில் கட்டினோம். அப்படியே பாட்டியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் சரியாக இருந்திருக்கும். காற்று அதிகமானால் போகலாம் என்று அப்பா சொன்னார். காற்று அதிகமான பிறகு கதவைத் திறக்கவே முடியவில்லை. ஓடு பறந்த வீட்டில் சுவரோரம் நான்கு பேரும் விடியும் வரை பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படகு தப்பித்தது. புளியமரம் விழுந்தது, படகின் மேல் விழவில்லை.

அடுப்படி அக்கா சொன்னது சரி. பதம் தாண்டிவிடும்.

---

பிழைதிருத்தி எழுதியது:

திங்கள்கிழமைக்கு இன்னும் ஒரு நாள். இரவு உட்கார்ந்து எழுதியதைக் கீழே தருகிறேன். கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தலைப்பில் தயார்நிலையும் இல்லை, ஆயத்தமும் இல்லை. 'புயலுக்கு முன்னால்' என்று மட்டும்.

முதல் பக்கம்: "ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு துணிப்பை எடுத்து, முக்கிய ஆவணங்கள், மருந்துச் சீட்டு, டார்ச் விளக்கு, தீப்பெட்டி ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் சுற்றி அதில் வையுங்கள். கதவின் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்."

இரண்டாம் பக்கம்: கூண்டு எண்களின் விளக்கம், படத்தோடு. அதன் கீழே: "ஐந்து, ஆறு, ஏழு ஆகியவற்றில் எந்த எண் ஏறினாலும் எஞ்சினைக் கழற்றுங்கள், வலையைச் சுருட்டுங்கள், படகை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள். முதியவர், கர்ப்பிணி, குழந்தை, நடக்க இயலாதவர் இருக்கும் வீடுகள் அப்போதே கிளம்பிவிடுங்கள். எட்டோ அதற்கு மேற்பட்ட எண்ணோ ஏறினால் அனைவரும் கிளம்புங்கள். அதற்கு முன்பே அதிகாரிகள் கிளம்பச் சொன்னால் உடனே கிளம்புங்கள். காற்று கூடட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூடிய பிறகு கதவு திறக்காது."

கரைவலை, கடைசி வாக்கியம் உங்களுடையது. உங்கள் அனுமதி வேண்டும்.

---

கரைவலை எழுதியது:

தாராளமாகப் போடுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே இடத்தில் நிறுத்தினார். "முக்கிய ஆவணங்கள் என்றால் எது?" என்று கேட்டார். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், மீனவர் அடையாள அட்டை, படகின் பதிவுத் தாள் என்று பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். டார்ச் விளக்கோடு பேட்டரியும் எழுதுங்கள்.

---

பிழைதிருத்தி எழுதியது:

மாற்றிவிட்டேன். பின் அட்டையில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. பெரிய எழுத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "பை தயாரா?" நாளைக் காலை ஏழு மணிக்கு அச்சுக்குப் போகிறது.